இருவருக்கும் ஒரே ரீடிங்

786
மதுரை, ஹாஸ்டல்
28 மார்ச் 1954

அன்புள்ள காக்காவுக்கு நஸீராவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். உங்களுக்குக் காய்ச்சல் என்று வாப்பா எழுதியிருந்தார்கள். இப்போது எப்படி இருக்கிறது? கொழும்பில் மழை என்றால் நனைந்துகொண்டே கடைக்குப் போகிற ஆள் நீங்கள். குடை வைத்துக்கொள்ளுங்கள்.

இண்டர்மீடியட் பரீட்சை முடிந்தது. எல்லாம் நன்றாகவே எழுதினேன். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் மட்டும் ஒரு தொந்தரவு. ஒரு திரவத்தைப் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் அளவு எடுத்து எழுதவேண்டும். அதை ரீடிங் என்போம். ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு வீரியத்தில் திரவம் கொடுத்திருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. எனக்கும், பக்கத்தில் நின்ற வீரலட்சுமிக்கும் மூன்று ரீடிங்கும் ஒன்றாக இருந்தன. பரிசோதகர் இரண்டு பேப்பரையும் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

வீரலட்சுமியை உங்களுக்கு நினைவிருக்கும். திருவாடானைப் பக்கம், விவசாயி மூக்கையா மகள். ஹாஸ்டலில் என் அறையில்தான் இருக்கிறாள். அவள் என்னுடையதைப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. விசாரணை வைப்பார்களாம்.

வாப்பாவுக்கு இதை எழுதவேண்டாம்.

வஸ்ஸலாம்,
நஸீரா


கொழும்பு
7 ஏப்ரல் 1954

தங்கச்சி நஸீராவுக்கு காக்கா காதர் மைதீன் துஆவுடன் எழுதுவது.

காய்ச்சல் விட்டுவிட்டது. வாய்க் கசப்பு மட்டும் பாக்கி. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் துணி அளக்கும்போது இரண்டு தடவை தப்பாக அளந்தேன். உன்னைக் காலேஜுக்கு அனுப்ப வாப்பாவிடம் நான் எவ்வளவு மன்றாடினேன் என்று உனக்குத் தெரியும். "அவளைப் பத்தி ஒரு சொல் வந்தா அன்னிக்கே பெட்டியைக் கட்டிக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றுதான் வாப்பா சம்மதித்தார்கள். நம் தெருவில் இன்னும் நாலு வீட்டார் உன்னைப் பார்த்துத்தான் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகையால் கேட்பவர்களிடம் தெளிவாகச் சொல். அவள் பார்த்தாள், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அழாதே, மாற்றிப் பேசாதே. அந்தப் பெண்ணோடு பேச்சைக் குறைத்துக்கொள். அவள் பாடு அவளோடு.

வாப்பாவுக்கு நான் எழுதமாட்டேன்.

அன்புள்ள காக்கா


கீழக்கரை
23 ஏப்ரல் 1954

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

வீட்டில் எல்லாரும் நலம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நான் நேற்று ஊர் வந்து சேர்ந்தேன்.

நீங்கள் கேட்டிருந்த காரியம் முடிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. இனி கவனமாக இருக்கச் சொன்னார்கள். மற்றவளுக்கு மூன்று வருஷம் என்று சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

வெயில் கடுமையாக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

நஸீரா


கொழும்பு
4 மே 1954

என் அருமைத் தங்கச்சிக்கு,

இன்று இங்கே முதல் நோன்பு. அங்கேயும் இன்றுதானா? நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு என்ன விஷயம் என்று சொல்லாமலே ஃபலூடா வாங்கிக் கொடுத்தேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

வாப்பா பார்ப்பார்கள் என்று நீ பெயர் போடாமல் எழுதியது புரிகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் நல்ல சேதியை நாலே வரியில் எழுதுகிறவள் இல்லையே நீ. உடம்புக்கு ஏதும் உண்டா? ரிசல்ட் எப்போது?

உம்மாவுக்கு என் ஸலாம்.

காக்கா


கீழக்கரை
17 மே 1954

அன்புள்ள காக்காவுக்கு,

நோன்பின் பரக்கத்தால் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சஹருக்கு வெறும் ரொட்டி தின்றுவிட்டு நோன்பு வைப்பதாக உம்மா கனவு கண்டார்களாம். உண்மையா என்று கேட்கச் சொன்னார்கள்.

பள்ளிவாசல் கஞ்சிக்கு இந்த வருஷம் நம் வீட்டு முறை வந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல். ஆனாலும் பாத்திரம் காலியாகிவிட்டது. சங்குக் கிட்டங்கியில் வேலை குறைவு என்பதால் வாப்பா அஸர் தொழுகைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காற்று மேற்கே கச்சானுக்குத் திரும்பிவிட்டது. கடல் கலங்கிக் கிடக்கிறது. மீன் சரியாக வரவில்லை. சல்மாவின் மகனுக்குப் பல் முளைத்திருக்கிறது. கைக்கு எட்டியதை எல்லாம் கடிக்கிறான்.

ரிசல்ட் பெருநாளுக்குப் பிறகு வரும் என்கிறார்கள்.

துஆ செய்யவும்.

நஸீரா


கொழும்பு
27 மே 1954

தங்கச்சி நஸீராவுக்கு ஸலாம்.

நான் ரொட்டி தின்கிறேன் என்று உம்மாவுக்கு யார் சொன்னது? உண்மைதான். பழமும் சேர்த்துத் தின்கிறேன் என்று சொல்லிவிடு.

கஞ்சியும் காற்றும் பல்லுமாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் உண்டா என்று நான் கேட்டதற்கும் பதில் இல்லை. பெருநாள் கழித்து முஹைதீன் மச்சான் கப்பலில் இங்கே வருகிறார். எழுதவேண்டியது இருந்தால் அவர் கையில் கொடுத்துவிடு. அவர் யாருக்கும் காட்டமாட்டார்.

பெருநாள் வாழ்த்துகள்.

காக்கா


கீழக்கரை
14 ஜூன் 1954

அன்புள்ள காக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும். இதை முஹைதீன் மச்சான் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கு முதல் வகுப்பு. கெமிஸ்ட்ரியில் காலேஜ் பரிசும் எனக்குத்தான் என்று எழுதியிருக்கிறார்கள். வாப்பா தெரு முழுக்க இனிப்புக்குத் தொதல் கொடுத்தனுப்பினார்கள். வந்தவர்களிடம் எல்லாம் "எம்மக" என்று சொன்னார்கள். அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று முழுவதும் என்னால் ஒரு துண்டு தொதல்கூட வாயில் வைக்க முடியவில்லை.

காக்கா, வீரலட்சுமி என்னுடையதை எனக்குத் தெரியாமல் பார்க்கவில்லை. நான்தான் காட்டினேன்.

ஜனவரியில் அவளுக்கு டைபாய்டு வந்தது. ஆறு வாரம் படுக்கையில் கிடந்தாள். லாப் வேலை பாதிக்கு மேல் போய்விட்டது. பரீட்சை அன்று அவள் கை நடுங்கியது. சொட்டு விடவேண்டிய இடத்தில் திரவம் ஓடிவிடும். மறுபடி ஆரம்பிப்பாள். மறுபடியும் ஓடிவிடும். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் கேட்கவில்லை. நானாகத்தான் என் பேப்பரை முழங்கையால் அவள் பக்கம் தள்ளினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

விசாரணையில் முதலில் அவளைக் கேட்டார்கள். "பார்த்து எழுதினேன்" என்று மட்டும் சொன்னாள். என்னைக் கேட்டபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். நான் "எனக்குத் தெரியாது" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. நல்ல பெண் என்று பெயர் எடுத்தவள் என்பதால் என்னை நம்பிவிட்டார்கள்.

மூன்று வருஷம் பரீட்சை எழுதக்கூடாது என்றால் அவள் அய்யா அதுவரை அவளைக் கட்டிக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருப்பாரா? வைகாசியிலேயே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. யுனிவர்சிட்டி உத்தரவு இன்னும் வரவில்லை. அது வருவதற்குள் நான் போய்ச் சொல்லவேண்டும். சொன்னால் எனக்கும் மூன்று வருஷம் வரலாம். கூடவும் வரலாம்.

வாப்பாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் எனக்குத் தைரியம் வரும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நஸீரா


கீழக்கரை
11 ஜூலை 1954

அன்புள்ள காக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதாக முஹைதீன் மச்சான் அவர் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் காத்திருந்து பார்த்துவிட்டு வாப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். இனி மறைத்து எழுதவேண்டியது இல்லை. இதை வாப்பா படித்தாலும் சரி.

வாப்பா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னேன். உம்மாவும் நின்றார்கள். வாப்பா கையைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் புள்ள உன்னைக் காட்டிக் குடுக்கலியா?"

"இல்லை வாப்பா."

"நீ குடுத்திட்ட."

"ஆமா."

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உம்மாவிடம், "அவளோட பெட்டியைக் கட்டு" என்றார்கள். படிப்பு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்து, "மதுரைக்குப் போயிட்டு வருவோம். நீ சொல்லவேண்டியதை நீயே சொல்லு. நான் கூட வாரேன்" என்றார்கள்.

பிரின்ஸிபல் அம்மாவிடம் சொன்னதும், மறுபடி விசாரணை வைக்கவேண்டும் என்று யுனிவர்சிட்டிக்குத் தந்தி கொடுத்தார்கள். அங்கிருந்து முதல் விசாரணைக்கு வந்த குருநாதன் சாரே வந்தார். எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் ராமலெட்சுமி அம்மாளும் இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

குருநாதன் சார், "உனக்கு என்ன தண்டனை குடுக்கணும்னு நினைக்கிறே?" என்று கேட்டார்.

"வீரலட்சுமிக்கு எதுவோ அது எனக்கும் சார். பொய் சொன்னதுக்கு அதுக்கு மேல ஒண்ணு."

"அவளுக்கு மூணு வருஷம். தெரியும்ல?"

"தெரியும் சார்."

வெளியே இருக்கச் சொன்னார்கள். நானும் வாப்பாவும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். வெக்கைக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் பேச்செல்லாம் கேட்டது. குருநாதன் சாருக்குப் பெரிய குரல்.

"விதியில இருக்கு. போன வருஷம் வேற ஒரு காலேஜ்ல ரெண்டு பையன்களுக்கு மூணு வருஷம் போட்டோம். இங்க குறைச்சா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

ராமலெட்சுமி டீச்சர் சொன்னார்கள்: "அவங்களுக்குப் போட்டது ஜாஸ்தின்னா அதைத் திருத்துங்க சார். அது ஜாஸ்தியாப் போச்சுன்னு இதையும் ஜாஸ்தியாக்கணுமா?"

"அந்தப் பையன்க மூணு வருஷம் கழிச்சுத் திரும்பி வருவாங்க" என்று பிரின்ஸிபல் அம்மா சொன்னார்கள். "இந்த ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினா ஒருத்தியும் வரமாட்டா. அவங்களுக்கு இது மூணு வருஷம் இல்ல, படிப்பே அதோட சரி."

"பொண்ணுங்கறதுக்காகக் குறைக்க முடியாதும்மா."

"அதுக்காகக் கேக்கல. கேள்வித்தாளைத் திருடினவனுக்கும் மூணு வருஷம், மூணு நம்பரைப் பாத்து எழுதினவளுக்கும் மூணு வருஷமான்னு கேக்கறேன். செஞ்சது எவ்வளவோ அவ்வளவு போடுங்க."

வாப்பா என் பக்கம் குனிந்து, "ஒருத்தியும் வரமாட்டான்னு அந்தம்மா என்னையத்தான் சொல்றாங்க" என்றார்கள். வாப்பா எழுந்தார்கள். நான் கையைப் பிடிக்கிறதற்குள் உள்ளே போய்விட்டார்கள்.

"நீங்க எத்தனை வருஷம் வேணாலும் போடுங்க. முடிஞ்ச மறுநாள் நானே கூட்டிட்டு வந்து விடுவேன். அந்தப் புள்ளையை அவங்க வீட்ல அனுப்புவாங்களான்னு எனக்குத் தெரியாது. அவளுக்குப் பார்த்துச் செய்யுங்க."

இவ்வளவுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நான் வாப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என்ன தண்டனை வந்தாலும் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது காக்கா.

யுனிவர்சிட்டிக்கு எழுதி முடிவு சொல்வார்களாம். நீங்கள் கோபமாக இருந்தால் அதையாவது எழுதுங்கள்.

நஸீரா


கொழும்பு
22 ஜூலை 1954

என் தங்கச்சிக்கு,

நான் சுகமாகத்தான் இருந்தேன். எழுதாமல் இருந்ததற்கு உடம்பைக் காரணம் சொல்லமுடியாது.

முஹைதீன் மச்சான் கொடுத்த கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பித்தவள் ஏன் திரும்பப் போய் மாட்டிக்கொள்கிறாள் என்று கோபம். எழுதினால் போகாதே என்றுதான் எழுதியிருப்பேன். போ என்று சொல்ல மனசு வரவில்லை, போகாதே என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். மார்ச்சில் "எனக்குத் தெரியாது" என்று நீ எழுதிய வரியைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. நீ எதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்கிறவள் இல்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாய் என்று பயம்.

வாப்பா எனக்குத் தனியாக எழுதியிருந்தார்கள். "உன் தங்கச்சி செய்தது தப்பு. திருத்திக்கொண்டாள். அவளுக்குப் பதில் எழுது" என்று இருந்தது. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

இப்போது நானும் அந்த முடிவுக்குத்தான் காத்திருக்கிறேன். தெரிந்த அன்றே தந்தி கொடு.

காக்கா காதர் மைதீன்


கீழக்கரை
14 ஆகஸ்ட் 1954

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி நடந்தது. நீங்கள் இல்லாத குறைதான். தந்தி கிடைத்திருக்கும். அதில் "நல்ல முடிவு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இப்போது விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு பேருடைய கெமிஸ்ட்ரி பிராக்டிகலையும் ரத்து செய்துவிட்டார்கள். மற்ற பேப்பர்கள் எல்லாம் செல்லும். செப்டம்பரில் அந்த ஒன்றை மட்டும் எழுதினால் போதும். எதில் தப்பு நடந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று பிரின்ஸிபல் அம்மா எழுதியிருக்கிறார்கள். ஒரே தடவையில் தேறாததால் என் முதல் வகுப்பு போய்விட்டது. பிராக்டிகல் ரத்து இரண்டு பேருக்கும் பொது. விசாரணையில் பொய் சொன்னதற்காகப் பரிசு எனக்கு இல்லை, ரெக்கார்டிலும் கண்டிப்பு எழுதியிருக்கிறார்கள். இது எனக்கு மட்டும். படித்துப் பார்த்தேன். எதையும் அதிகம் என்று சொல்லத் தோன்றவில்லை. போன வருஷத்துப் பையன்கள் விஷயத்தையும் மறுபடி பார்க்கச் சொல்லிக் குருநாதன் சாரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

மறுநாளே நானும் வாப்பாவும் ராமநாதபுரம் போய், திருவாடானை பஸ் ஏறி வீரலட்சுமி வீட்டுக்குப் போனோம். அவளுக்கும் கடிதம் வந்திருந்தது. அவள் அய்யா வாப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"நீ வந்து சொல்லுவேன்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாள்.

"என்னைய ஏன் காட்டிக் குடுக்கல?"

"நீ காட்டினேன்னு சொன்னா நான் எழுதினது இல்லேன்னு ஆயிருமா? எழுதினது நான்தானே." வாளியைக் கிணற்றுச் சுவரில் தூக்கி வைத்தாள். "ஆனா பக்கத்துல நின்னுக்கிட்டே நீ தெரியாதுன்னு சொன்னது இருக்கே, அதை நெனச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "கை இப்ப நடுங்கல. பியூரெட்டைப் பிடிச்சுப் பாக்கணும்" என்றாள். ராமலெட்சுமி டீச்சர் பரீட்சைக்கு முன்னால் இரண்டு வாரம் லாபைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருப்பதைச் சொன்னேன். "சேர்ந்தே போவோம்" என்றாள்.

பார்த்த மாப்பிள்ளையை அவள் அய்யா நிறுத்தி வைத்திருக்கிறார். பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தபோது வாப்பாவிடம், "ஒங்க மக வந்து சொல்லலேன்னா எம்மக திருட்டுத்தனமாப் பாக்கலைங்கறதை நானே நம்பியிருக்க மாட்டேன்" என்றார். வாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதில் எழுதியதே எனக்குப் போதும். வேறு ஒன்றும் மனதில் வைக்கவில்லை.

நஸீரா


மதுரை, ஹாஸ்டல்
30 செப்டம்பர் 1954

அன்புள்ள காக்காவுக்கு,

நானும் வீரலட்சுமியும் நலம். நீங்கள் அனுப்பிய இரண்டு குடையும் வந்தன. பச்சையை அவள் எடுத்துக்கொண்டாள்.

இன்று பிராக்டிகல் முடிந்தது. அவளை ஒரு கோடியிலும் என்னை மறு கோடியிலும் நிறுத்தினார்கள். நடுவில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் ஏன் என்று தெரியும். முதலில் முகம் சுட்டது. பிறகு வேலையில் மறந்துபோனேன். ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். அவள் பியூரெட்டின் குழாயைத் திருகி, ஒரே ஒரு சொட்டு விட்டு நிறுத்தினாள். கை அசையவில்லை.

அவள் எனக்கு முன்பே முடித்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் போனபோது வேப்பமரத்தடியில் வாப்பாவும் அவள் அய்யாவும் நின்று இந்த வருஷ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். உனக்கு என்ன ரீடிங் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கேட்காமல் இருப்பது இரண்டு பேருக்கும் தெரிந்து, முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு என்னாலும் அடக்கமுடியவில்லை. அப்பாமார் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

எப்படி எழுதினாய் என்று வாப்பா கேட்கவில்லை. "பசிக்குதா?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்றோம், இரண்டு பேரும்.

வஸ்ஸலாம்,
நஸீரா